கிரகணமும் நம்பிக்கையும்

விஞ்ஞானமும் சமய நம்பிக்கையும் ஒருங்கே ஒரு மனிதனிடத்துக் குடிகொள்ளுதல் இயலுமா என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் இருவகை விடைகளே தரப்படுகின்றன. இரண்டும் தம்முட் பகைமை பூண்டவை, ஒன்று வளர மற்றையது தேயும் என்பது ஒருசாரார் கூற்று. இரண்டும் ஒரே உண்மையை இருவேறு மொழியிற் பேசுவன, விஞ்ஞானம் இன்று கண்டவற்றைச் சமயம் அன்றே கண்டுவிட்டது என்பது மறுசாரார் கூற்று. இவ்விரு கூற்றுக்களும் நேர் எதிரானவை போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குமிடத்து இரண்டுக்கும் பொதுவானதோர் எடுகோள் உண்டு. விஞ்ஞானத்தின் முடிபுகள் சமயத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகவோ எதிர்ச்சான்றாகவோ அமையும் என்பதே அது. இவ்வெடுகோள் எத்துணை பொருத்தமுடையது என்பதையும், அதனைக் கைவிட்டால் நம்பிக்கையுடையோர் செலுத்தவேண்டிய விலை யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கிரகணம் பொருத்தமானதோர் உதாரணமாகும். வானத்து நிகழ்ச்சிகளுள் முன்கூட்டியே கணித்துச் சொல்லத்தக்கதும், அதே வேளையில் மக்களின் சமய உணர்வினைப் பெரிதும் தட்டியெழுப்புவதும் அதுவே. 2010 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதியும், 2019 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதியும் யாழ்ப்பாணத்திற் கங்கண சூரிய கிரகணம் தென்பட்டது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிற் சந்திரன் வருவதனால் இது நிகழ்கின்றது என்பதைப் பாடசாலை மாணவனும் அறிவான். ஆயினும், கிரகண வேளையில் ஆலயக் கதவு சாத்துதலும், உணவு கொள்ளாதிருத்தலும், கிரகணம் விட்டபின் நீராடுதலும் இன்றும் வழக்கிலுள்ளன. காரணத்தை அறிந்தவரும் நீராடுபவரும் பல வேளைகளில் ஒருவராகவே இருத்தலையும் காண்கின்றோம். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அவ்வாறு ஒதுக்குவதற்கு முன்னர், இதே யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரகணத்தின் பொருட்டு எழுந்த விவாதத்தினை நோக்குதல் பயனுடையது.

அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிற் செமினரி ஒன்றினை நிறுவினர். தானியேல் பூவர் ஐயர் அதன் முதல்வராக விளங்கினார். ஐரோப்பிய வானசாஸ்திரம் அங்கு கற்பிக்கப்பட்ட பாடங்களுள் ஒன்று. புராணங்கள் கூறும் அண்ட அமைப்புப் பொய்யென்பதை மாணவர் உணர்ந்தால், அப்புராணங்களை மதிக்கும் சமயமும் அவர்தம் உள்ளத்தில் நிலைகுலையும் என்பது மிஷனரிமாரின் எதிர்பார்ப்பு. அக்காலத்தில் வட்டுக்கோட்டைப் பகுதியிற் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதராக விளங்கியவர் விசுவநாத சாஸ்திரியார். 1829 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி அவருடைய பஞ்சாங்கம் கூறியதும் செமினரியார் கணித்ததும் தம்முள் வேறுபட்டன. கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் கால அளவு, சந்திரன் மறைக்கப்படும் பரப்பு என்பவற்றில் வேறுபாடு காணப்பட்டது. இவ்வேறுபாடு முன்னரே பலரறிய வெளிப்படுத்தப்பட்டமையாற் கிரகணத்தன்று அனைவரும் ஆவலோடு வானத்தை நோக்கியிருந்தனர். நிகழ்ந்த கிரகணம் செமினரியாரின் கணிப்புக்கே இசைந்தது. அதனை மிஷனரிமார் தம் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியாகவே கொண்டனர்.

இங்கு அமைதியாகச் சிந்திக்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அன்றிரவு மெய்ப்பிக்கப்பட்டது யாது? சாஸ்திரியார் பயன்படுத்திய வாய்பாடுகள் திருத்தம் வேண்டி நின்றன என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதற்குமேல் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. சாஸ்திரியார் சந்திரனைப் பாம்பு விழுங்கும் வேளையினைத் தியானத்தால் அறிந்து கூறியவரல்லர். தலைமுறை தலைமுறையாக வந்த கணித முறையொன்றினைக் கொண்டு, சூரிய சந்திரரின் இயக்கத்தைக் கணித்தவர் அவர். அம்முறையின் ஆற்றலுக்குச் சமகாலச் சான்று ஒன்றுண்டு. 1825 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தினை, புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர், தரையிற் சோழிகளைப் பரப்பி, மனனஞ் செய்திருந்த வாய்பாடுகளின் துணைகொண்டு கணித்துக் காட்டினார். ஜோன் வாறன் என்னும் ஐரோப்பியர் அதனைக் குறித்துவைத்தார். கிரகணத் தொடக்கத்தில் ஏறத்தாழ 4 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வழு இருந்தது. எழுதுகோலும் தாளுமின்றிச் செய்யப்பட்ட அக்கணிப்பிலே வழுவும் உண்டு, வியப்புக்குரிய திறமையும் உண்டு. வட்டுக்கோட்டையில் அன்று மோதியவை விஞ்ஞானமும் சமயமும் அல்ல. பழைய வானியற் கணிதமும் புதிய வானியற் கணிதமுமே. பழைய கணிதம் தோற்றது. அத்தோல்வி சிவபெருமானுக்கு நேர்ந்த தோல்வியென்றும், புதிய கணிதத்தின் வெற்றி இயேசுபெருமானின் வெற்றியென்றும் கொள்ளப்பட்டமைதான் தர்க்கத்தில் நேர்ந்த வழுவாகும்.

இவ்விடத்துப் பண்டைய இந்திய வானியலாளர் நிலையினையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். கி.பி. 499 ஆம் ஆண்டளவில் தம் நூலை இயற்றிய ஆரியபடர், சந்திர கிரகணம் பூமியின் நிழலாலும் சூரிய கிரகணம் சந்திரனாலும் நிகழ்வன எனத் தெளிவாகக் கூறினார். கி.பி. 628 ஆம் ஆண்டில் எழுதிய பிரமகுப்தரும் நிழலின் அளவைக் கொண்டே கிரகணத்தைக் கணித்தார். ஆயினும், இராகுவே கிரகணத்துக்குக் காரணமென மறைநூல்கள் கூறுவதை மறுத்தல் தகாது என அவர் ஆரியபடர் முதலியோரைக் கண்டித்தார். கி.பி. 1030 ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி இதனைக் கண்டு திகைத்தார். இத்துணைத் திறமை வாய்ந்த ஒருவர் தம் மனச்சாட்சிக்கு மாறாக எழுதியதற்குச் சோக்கிரதீசுக்கு நேர்ந்தது போன்றதொரு கதி தமக்கும் நேருமோ என்னும் அச்சமே காரணமாகலாம் என அவர் ஊகித்தார். இவ்வூகம் சரியாயினும் தவறாயினும், அல்பிரூனியைத் துன்புறுத்திய விடயம் குறிப்பிடத்தக்கது. பிரமகுப்தர் இறைநம்பிக்கை உடையவராயிருந்தமை அவரை வருத்தவில்லை. ஒரு கையாற் கணித்ததை மறுகையால் மறுத்தமையே அவரை வருத்தியது. விஞ்ஞானமும் நம்பிக்கையும் இணங்குமா என்னும் வினா, நம்புகின்ற மனிதன் தன் அறிவுக்கு நேர்மையுடையவனாக இருத்தல் இயலுமா என்னும் ஒழுக்க வினாவாக இங்கே உருமாறுகின்றது.

வட்டுக்கோட்டைக் கிரகணத்தின் பின்கதையும் படிப்பினை நிறைந்தது. விஞ்ஞானத்தை வாளாக ஏந்திய மிஷனரிமார் அது இரவல் வாள் என்பதை அன்று உணர்ந்திலர். கிரகணம் நிகழ்ந்த மறுவருடமான 1830 இல், லயல் என்னும் ஸ்கொட்லாந்தியர் புவிச்சரிதவியல் பற்றிய தம் நூலின் முதற் பாகத்தை வெளியிட்டார். பாறைப் படைகள் உருவாவதற்கு எண்ணற்ற காலம் சென்றிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. கி.மு. 4004 இல் உலகம் படைக்கப்பட்டதென 1650 ஆம் ஆண்டில் அஷர் என்னும் பேராயர் விவிலியத்தைக்கொண்டு கணித்திருந்த கணக்கு, இதனால் மேலும் ஆட்டங்கண்டது. 1859 இல் டார்வினின் நூல் வெளிவந்தது. யுகங்களைப் பற்றிய இந்துக் கணக்கினைப் பொருளற்ற பேரெண்கள் என எள்ளியவர்களின் காலக்கணக்கே மிகக் குறுகியதெனப் புதிய விஞ்ஞானம் காட்டியது. ஆறுமுக நாவலர் 1854 இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்னும் நூலிலே வேறொரு வழியைக் கையாண்டார். சைவக் கிரியைகளிற் குற்றங் காண்போர், அவற்றையொத்தவை தம் விவிலியத்திலும் உள்ளமையை நோக்குதல் வேண்டும் என அவர் வாதிட்டார். தன் சமயத்துக்கு ஓர் அளவுகோலும் பிறர் சமயத்துக்கு வேறோர் அளவுகோலும் வைத்தல் நேர்மையன்று என்பதே அவ்வாதத்தின் சாரம். இக்கண்டனம் எச்சமயத்தாருக்கும் பொருந்தும்.

செமினரியைச் சேர்ந்த அனைவரும் ஒரே போக்கினர் என்று கூறுதலும் நீதியாகாது. பூவருக்குப்பின் முதல்வரான ஹொய்சிங்டன், தமிழர்தம் வானசாஸ்திரத்தை முறையாகக் கற்று, அதனை மொழிபெயர்ப்பும் விளக்கமும் சேர்த்து 1848 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நூலாக வெளியிட்டார். சிவஞானபோதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பொன்றும் அவரால் ஆக்கப்பெற்று 1854 இல் அமெரிக்காவிலே வெளிவந்தது. எதிர்க்கருத்தினை வெல்வதற்கு முன் அதனை விளங்கிக்கொள்ள வேண்டும் என்னும் பண்பு இம்முயற்சிகளிற் காணப்படுகின்றது.

இரவல் வாளை ஏந்தும் ஆசை மிஷனரிமாரோடு முடிந்துவிடவில்லை. அது இன்று வேறொரு கோலத்தில் நம்மவரிடையே உலவுகின்றது. ஒரு கற்பம் 432 கோடி ஆண்டுகள் என்பது புராணக் கணக்கு. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய விஞ்ஞானக் கணக்கு. இவ்விரு எண்களும் அண்மித்திருத்தலைக் காட்டி, முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என மேடைகளிற் பேசப்படுகின்றது. 1975 ஆம் ஆண்டில் கப்ரா என்னும் பௌதிகவியலாளர் எழுதிய நூலும், 2004 ஆம் ஆண்டில் ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட நடராசர் திருவுருவமும் இப்பேச்சுக்குத் துணையாகின்றன. ஆனால், 432 கோடி என்னும் எண் பாறைகளில் உள்ள யுரேனியத்தின் சிதைவை அளந்து பெறப்பட்டதன்று. யுகக் கணக்கினைப் பெருக்கிப் பெறப்பட்டது. இரு வேறு வழிகளில் வந்த இரண்டு எண்கள் தற்செயலாக அண்மித்து நிற்பதைச் சான்று எனல் பொருந்தாது. மேலும், அதே கணக்கின்படி பிரபஞ்சத்தின் இன்றைய வயதாகக் கொள்ளப்படும் 1380 கோடி ஆண்டுகளுக்கு யாது விளக்கம் என வினவினால் விடை கிடையாது. இசைவனவற்றை மட்டும் எண்ணி, இசையாதனவற்றை மறைத்துவிடுதல் ஆராய்ச்சியாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடராசர் திருவுருவின் முன் கண்ணீர் மல்கி நிற்கும் அடியவருக்கு அணுத்துணிக்கைகளின் நற்சான்றிதழ் எதற்கு? சான்றிதழ் வேண்டுமென எண்ணுவோர், தம் நம்பிக்கையினும் பார்க்க விஞ்ஞானத்தின் கௌரவத்தையே பெரிதாக மதிக்கின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு மாறாக, வலிய வந்த சான்றினையும் வேண்டாமென மறுத்தவர்கள் சமய வரலாற்றில் உளர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளம் புதல்வர் இப்ராஹீம் மறைந்த நாளன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அக்குழந்தையின் மறைவுக்காகவே சூரியன் இருண்டதென மக்கள் பேசிக்கொண்டனர். புதல்வரை இழந்த துயரிலும் நபிகள் நாயகம் அதனை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவை கிரகணமடைவதில்லை என அவர் கூறியதாக ஹதீஸ் நூல்கள் குறிப்பிடுகின்றன. தம்மைப் பின்பற்றுவோர் தாமாகவே கொண்டுவந்து கொடுத்த அற்புதத்தை அவர் கைநீட்டிப் பெற்றுக்கொள்ளவில்லை. அக்கிரகண வேளையில் அவர் தொழுகை நடத்தினார். அதனை அற்புதமெனக் கொள்ள மறுத்தமை தொழுகைக்குத் தடையாகவில்லை. பின்னாளில், கி.பி. 1095 இல் தத்துவவாதிகளை மறுத்து நூல் எழுதிய இமாம் கஸ்ஸாலியும், கிரகணம் பற்றிய வானியலாளரின் விளக்கத்தை மறுக்கவில்லை. கணிதத்தால் நிறுவப்பட்ட அவ்விளக்கத்தோடு போரிடுவதே மார்க்கக் கடமை என எண்ணுபவன், மார்க்கத்தின் எதிரிகளினும் பார்க்க அதற்குத் தீங்கு செய்கின்றான் என அவர் எச்சரித்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பண்பினைப் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவான ஜோர்ஜ் லெமேத்ரேயிடம் காணலாம். 1923 ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்ற அவர், 1927 இல் பிரபஞ்சம் விரிவடைகின்றது என்னும் கருத்தைக் கணித அடிப்படையில் வெளியிட்டார். 1931 இல், பிரபஞ்சம் முழுவதும் ஆதி அணு ஒன்றிலிருந்து தோன்றியிருக்கலாம் என்றார். பிற்காலத்திற் பெருவெடிப்புக் கொள்கை என வழங்கலாயிற்று இக்கொள்கை. படைப்புக் கதையை விஞ்ஞானத்துள் மறைமுகமாகப் புகுத்துகின்றார் இக்குரு என ஐயுற்றோர் பலர். 1951 ஆம் ஆண்டு நவெம்பர் 22 ஆம் திகதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் நிகழ்த்திய உரையொன்றிலே, அண்டத்தின் தொடக்கம் பற்றிய புதிய விஞ்ஞானக் கருத்துக்கள் படைப்பு என்னும் சமயக் கோட்பாட்டுக்குச் சான்று பகர்வனவாகப் போற்றப்பட்டன. ஒரு குருவுக்கு இதனினும் பெரிய பெருமை வேறு யாது? ஆயினும் லெமேத்ரே மகிழவில்லை. கொள்கை இன்னும் நிறுவப்படாத நிலையில் இருந்தது என்பது ஒரு காரணம். நிறுவப்பட்டாலும் அது சமய வினாக்களுக்கு அப்பாற்பட்டே நிற்கும் என்னும் உறுதி மற்றொரு காரணம். பாப்பரசரின் விஞ்ஞான ஆலோசகரைச் சந்தித்துத் தம் கவலையைத் தெரிவித்தார். 1952 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் உரோமாபுரியிற் கூடிய வானியலாளர் மாநாட்டிற் பாப்பரசர் ஆற்றிய உரையில் அக்கருத்து மீண்டும் இடம்பெறவில்லை. 1965 இல் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சுக் கண்டறியப்பட்டபோது லெமேத்ரேயின் கொள்கை வலுப்பெற்றது. மறுவருடம் அவர் காலமானார். தம் கொள்கை வென்றதைத் தம் திருச்சபையின் வெற்றியாக அவர் ஒருபோதும் கொண்டாடவில்லை.

1979 ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நொபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்ட மூவருள் அப்துஸ் ஸலாம் ஆழ்ந்த இஸ்லாமிய நம்பிக்கையுடையவர். ஸ்டீவன் வைன்பேர்க் கடவுள் நம்பிக்கை அற்றவர். இருவரும் தனித்தனியே சென்று ஒரே கொள்கையை அடைந்தனர். அக்கொள்கையின் சமன்பாடுகள் ஒருவரின் தொழுகையையும் கேட்கவில்லை, மற்றவரின் மறுப்பையும் கேட்கவில்லை.

மேற்கூறியவற்றைக்கொண்டு, விஞ்ஞானத்துக்கு ஒரு நாடு, சமயத்துக்கு ஒரு நாடு என எல்லை வகுத்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது எனச் சிலர் கூறக்கூடும். ஸ்டீவன் ஜே கூல்ட் என்னும் உயிரியலாளர் 1997 ஆம் ஆண்டில் ஏறக்குறைய இத்தகைய தீர்ப்பினையே முன்வைத்தார். உலகின் இயல்பு விஞ்ஞானத்துக்கும், வாழ்வின் பொருளும் ஒழுக்கமும் சமயத்துக்கும் உரியன என்பது அவர் நிலை. நாகரிகமான தீர்ப்பு இது; எனினும் முழுமையானதன்று. ஏனெனில், சமயங்கள் வாழ்வின் பொருளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நோய் ஏன் வருகின்றது, மழை ஏன் பொய்க்கின்றது, இறந்தபின் யாது நிகழ்கின்றது என்பன பற்றியும் அவை பேசுகின்றன. உலகில் நிகழ்வனவற்றைப் பற்றிய கூற்று எதுவாயினும் அது சோதனைக்கு உட்படக்கூடியதாகவே இருக்கும்.

பெரியம்மை நோய் இதற்குத் தக்க உதாரணம். அந்நோய் அம்மனின் சீற்றமாகவோ வருகையாகவோ கருதப்பட்டது. மட்டக்களப்புப் பகுதியிற் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசி மாதத்தில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, அம்மனின் வெம்மையைத் தணித்து ஊரை நோயினின்றும் காக்க வேண்டுவதாகும். நோய்க்குக் காரணம் வைரசு என்பதையும், அம்மைப்பால் குத்துதல் அதனைத் தடுக்கும் என்பதையும் மருத்துவம் நிறுவியது. இயற்கையாகத் தொற்றிய இறுதிப் பெரியம்மை 1977 ஆம் ஆண்டிற் சோமாலியாவிலே காணப்பட்டது. 1980 இல் அந்நோய் உலகினின்றும் ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார தாபனம் பிரகடனம் செய்தது. இங்கே எல்லை வகுத்தல் பயன்தராது. நோயின் காரணம் பற்றிய பழைய கூற்று தவறு, அது கைவிடப்படவேண்டியதே. அக்கூற்றின் பெயரால் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி மறுக்கப்படுமாயின், அது சமய உரிமை என்னும் பெயராற் பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று. உயிர் ஒன்று பணயமாக இருக்கும்போது தவறான நம்பிக்கை தீதற்றதாக இருத்தல் இயலாது. சமயம் இவ்விடத்தில் விலகி வழிவிடுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால், நோய் ஒழிந்தபின்னரும் குளிர்த்தி நின்றுவிடவில்லை. வைகாசி தோறும் மக்கள் கூடுகின்றனர், நேர்த்தி வைக்கின்றனர், காவியம் பாடப்படுகின்றது. நம்பிக்கை என்பது நோய்க்காரணம் பற்றிய ஒரு கருதுகோள் மட்டுமேயாயின், கருதுகோள் வீழ்ந்தவுடன் வழிபாடும் வீழ்ந்திருத்தல் வேண்டும். அது வீழாமைக்குப் பழக்கத்தை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. தமிழில் நம்பிக்கை என்னும் சொல்லே இதற்கு விளக்கம் தருகின்றது. மழை பெய்யும் என்று ஒருவன் நம்புகின்றான். தாயை ஒரு பிள்ளை நம்புகின்றது. முன்னையது ஒரு செய்தி உண்மையென எண்ணுதல்; மழை பெய்யாவிடின் அது பொய்த்துவிடும். பின்னையது ஒருவர்பாற் கொள்ளும் பற்றுறுதி. தாய் கூறிய செய்தியொன்று தவறெனக் கண்டபின்னரும் அது அழிந்துவிடுவதில்லை. சமய நம்பிக்கையில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன. விஞ்ஞானம் முன்னையதைச் சோதிக்கலாம், திருத்தலாம், சில வேளைகளில் முற்றாக நீக்கியும் விடலாம். பின்னையதை அது சோதிப்பதற்கு வழியில்லை. இறப்பின் முன்னும் அநீதியின் முன்னும் மனிதன் எவ்வாறு நிற்பது, யாருக்குக் கடமைப்படுவது என்னும் கேள்விகளுக்குரிய விடை அங்கேதான் வேர்கொண்டுள்ளது.

இந்தியத் தத்துவ மரபு இவ்வேறுபாட்டினை அறியாததன்று. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளைச் சைவசித்தாந்தம் ஏற்கின்றது. ஒவ்வோர் அளவைக்கும் உரிய இடம் உண்டு. காண்டலால் அறியத்தக்கதை அறிய உரையை நாடவேண்டியதில்லை. பகவத்கீதைக்கு உரையெழுதிய சங்கரர், நெருப்புக் குளிர்ச்சியுடையது என நூறு மறைமொழிகள் கூறினும் அவை பிரமாணமாகா என்னும் கருத்தைத் துணிவாக உரைத்தார். மறைநூலை உயர்ந்த பிரமாணமாகக் கொண்ட ஒருவரின் கூற்று இது என்பதை மறத்தலாகாது. பிரமகுப்தர் தயங்கிய இடத்திலே சங்கரர் தயங்கவில்லை.

விஞ்ஞானத்தின் பெயராற் பேசுவோருக்கும் ஒரு கடமை உண்டு. அளக்கத்தக்கவற்றை அளத்தல் விஞ்ஞானத்தின் முறை. அளக்கமுடியாதது எதுவும் இல்லை என்பது அம்முறையால் நிறுவப்பட்ட முடிபன்று. அது ஒரு தத்துவ நிலைப்பாடு. அந்நிலைப்பாட்டைக் கொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு, ஆயினும் அதனை ஆய்வுகூடத்தின் தீர்ப்பாக அறிவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. உண்மையை ஒடுக்கும் பிடிவாதம் சமயத்துக்கு மட்டுமே உரியதும் அன்று. 1633 இல் கலிலியோவைத் தண்டித்தது திருச்சபை. 1948 இல் மரபியலைத் தடைசெய்தது, விஞ்ஞானத்தின் பெயரால் ஆட்சி புரிவதாகக் கூறிக்கொண்ட சோவியத் அரசு. அந்நாட்டின் தலைசிறந்த தாவரவியலாளருள் ஒருவரான வவிலோவ் 1943 இல் சிறையிலே மாண்டார். அதிகாரம் தனக்கு வேண்டிய விடையை முன்னரே தீர்மானித்துவிட்டு ஆராய்ச்சியை ஏவும்போது, அவ்வதிகாரம் சிலுவையை ஏந்தினாலென்ன, செங்கொடியை ஏந்தினாலென்ன, விளைவு ஒன்றே.

இவ்வளவும் கூறியபின்னரும் எல்லாம் இனிதே இணங்கிவிட்டன எனக் கூறுதல் உண்மையாகாது. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதும், உயிர்கள் வினைக்கேற்ப மறுபிறப்பு எய்துகின்றன என்பதும் வெறும் உருவகங்களல்ல என அவற்றை நம்புவோர் கொள்கின்றனர். நிகழ்ந்தனவாகவும் நிகழ்வனவாகவுமே அவற்றைக் கருதுகின்றனர். விஞ்ஞானம் அறிந்த எந்த விதியும் அவற்றுக்கு இடந்தருவதில்லை. இவ்விழுவிசையைச் சொற்சாலத்தால் மறைத்துவிட முயலுதல் நேர்மையன்று. நம்புவோர் அவற்றைச் சான்றின்றியே ஏற்பதாக ஒப்புக்கொண்டு, அவ்வேற்பினைப் பிறர்மேற் சுமத்தாதிருத்தல் வேண்டும். நம்பாதோர், சான்றில்லாமையைக் கண்டு ஏற்க மறுப்பதற்குத் தமக்குள்ள நியாயத்தை உரைத்து, நம்புவோரின் வாழ்வு முழுவதையும் மூடத்தனமென எள்ளாதிருத்தல் வேண்டும். இணக்கம் என்பது இரண்டு கோட்பாடுகளுக்கிடையே எழுதப்படும் உடன்படிக்கையன்று. அது நம்பும் மனிதனும் ஆராயும் மனிதனும் நாள்தோறும் கைக்கொள்ளவேண்டிய ஓர் ஒழுக்கம். தன் நம்பிக்கைக்கு ஆதரவாக வரும் தவறான சான்றினையும் தவறெனக் கூறுதல் அவ்வொழுக்கத்தின் முதற்படி. விவாதத்தில் வெற்றி கிடைக்கும் வேளையிலும் அதனைத் துறக்கவேண்டியிருக்கும் என்பதே அதற்குச் செலுத்தவேண்டிய விலை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்று வாக்கிய பஞ்சாங்கமும் வழங்குகின்றது, திருக்கணித பஞ்சாங்கமும் வழங்குகின்றது. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இரண்டும் வெவ்வேறாகக் குறிப்பதும், எதனைப் பின்பற்றுவது என வீடுகளில் விவாதம் எழுவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. திருக்கணிதம் இக்கால வானியலின் அளவீடுகளைக்கொண்டு திருத்தப்பட்ட கணக்கு. விசுவநாத சாஸ்திரியாரின் காலத்தில் எந்தத் திருத்தம் சைவத்துக்கு நேர்ந்த தோல்வியெனப் பறைசாற்றப்பட்டதோ, அத்தகைய திருத்தத்தினைச் சைவர்களே பின்னர் தம் பஞ்சாங்கத்தில் ஏற்றுக்கொண்டனர். அதனாற் கோயில் எதுவும் இடிந்து வீழவில்லை. பூசை எதுவும் நின்றுவிடவில்லை. கணக்குத் திருந்தியது, வழிபாடு தொடர்கின்றது. 1829 ஆம் ஆண்டு மார்ச் மாத இரவில் வானத்தை நோக்கி நின்ற இருசாராரும் அறியாதிருந்த விடை இதுவாகும்.